ராபின் ஹூட்டுக்கு எந்தப் பச்சை? – உலோக மினியேச்சர் கேள்வி பதில்

ஷெர்வுட் காட்டு வில்லாளிகளை உலோக உருவங்களாகச் சேர்ப்பவர்களும் அவற்றுக்கு வர்ணம் தீட்டுபவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். வேறு அளவு சொல்லாத இடங்களில் எல்லாம் 28 மி.மீ. உருவத்தைத்தான் குறிப்பிடுகிறோம்.

கே: ராபின் ஹூட் கூட்டம் ஒன்றைச் சேர்க்க ஆசை. 28 மி.மீ. வாங்குவதா, 54 மி.மீ. வாங்குவதா? வெவ்வேறு கம்பெனி உருவங்களைக் கலக்கலாமா? (கோவை வாசகர்)

ப: கூட்டம் வேண்டுமென்றால் 28. ஒரே ஓர் ஆளை அலமாரியில் நிறுத்தி, அவன் இமையையும் உதட்டையும் தனித்தனியாகத் தீட்ட வேண்டுமென்றால் 54. அது ஏறக்குறைய 1:32 அளவு. ஏழெட்டு 54 மி.மீ. உருவங்களைத் தொடங்கி இரண்டோடு நிறுத்தியவர்கள்தான் அதிகம்.

கலக்கலாம். ஆனால் 28 மி.மீ. என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் பாதத்திலிருந்து கண் வரை உள்ள உயரம்; சிலர் உச்சந்தலை வரை அளக்கிறார்கள். தலையும் கையும் பெருத்த பாணி ஒன்று, உடல் விகிதம் சரியாக அமைந்த ஒல்லிப் பாணி இன்னொன்று. உயர வித்தியாசம் உறுத்தாது, மனிதர்களில் நெட்டையும் உண்டு குட்டையும் உண்டு. தலை அளவு மாறினால் உடனே உறுத்தும். எனவே படத்தைப் பார்த்து வாங்கும்போது தலையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். லிட்டில் ஜான் மட்டும் விதிவிலக்கு. அவனை ஏழடி ஆள் என்பார்கள். அந்தக் கணக்குக்கு இந்தக் கூட்டத்தில் அவன் கண்மட்டம் 35 மி.மீ. பக்கத்தில் வர வேண்டும், 35 மி.மீ. வரிசையிலிருந்து கம்பு பிடித்த ஆள் ஒருவனைக் கொண்டுவந்தால் கச்சிதமாக உட்காருவான்.

யாரை முதலில் வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்: பழைய கதைப்பாடல்களில் இருப்பவர்கள் ராபின், லிட்டில் ஜான், வில் ஸ்கார்லெட், ஆலைக்காரன் மகன் மச், இந்த நால்வரோடு அவர்கள் எதிரியான நாட்டிங்ஹாம் ஷெரிஃப். ராபினின் காதலி மரியன் மே மாத விழாக் கூத்துகள் வழியாக வந்து ஒட்டிக்கொண்டவள். பாடகன் ஆலன்-எ-டேல் 17-ஆம் நூற்றாண்டுப் பாடலில்தான் தலைகாட்டுகிறான். முதல் ஐவரை முடித்துவிட்டு மற்றவர்களிடம் போங்கள்.

கே: பழைய உருவங்கள் சில கைக்கு வந்திருக்கின்றன. ஈயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அரம் போடலாமா? (திருச்சி வாசகர்)

ப: வெள்ளைக் காகிதத்தில் அடிப்பக்கத்தை அழுத்தி இழுங்கள். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் விழுந்தால் காரீயம் நிறைய இருக்கிறது. இப்போது பெரும்பாலும் வருவது வெள்ளீயக் கலவை. வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனி, செம்பு, பிஸ்மத் போன்றவை சேர்ந்தது. அது கோடு போடாது, போட்டாலும் மிக மங்கலாக இருக்கும். எடையும் காட்டிக்கொடுக்கும்: ஒரு கன செ.மீ. காரீயம் 11.3 கிராம், வெள்ளீயம் 7.3 கிராம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நினைத்துக்கொண்டு 'ஈயம்தானே' என்று இருந்துவிடாதீர்கள். அது வெள்ளீயம், இது விஷம்.

அரம் போடலாம், ஆனால் ஈரத்தோடு. அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் விழும் வார்ப்புக் கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டு, 400, பிறகு 600 நம்பர் நீர் உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேயுங்கள். தூள் பறக்காது. கீழே செய்தித்தாள் விரித்து, முடிந்ததும் அப்படியே மடித்துப் போட்டுவிடுங்கள். தூளை வாயால் ஊதுவது, பக்கத்தில் டீ வைத்துக்கொள்வது, பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்குவது மூன்றும் கூடாது. கடைசிப் பழக்கம் கைதேர்ந்தவர்களிடம்தான் அதிகம். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் காரீய உருவத்தை வைக்காதீர்கள்.

பிரைமர், அதாவது வர்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, நன்றாகப் பிடிக்க வினிகரில் ஊறவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. காரீய உருவத்தை வினிகர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காரணம் கடைசியில் அலமாரி பற்றிய கேள்வியில் வருகிறது.

கே: பிரைமர் அடித்துத்தான் தீட்டினேன். ஆனாலும் வில்லின் முனையிலும் தொப்பி நுனியிலும் பெயிண்ட் உரிந்து உலோகம் பல்லிளிக்கிறது. மழைக்காலத்தில் அடித்தது காரணமா? (நாகப்பட்டினம் வாசகி)

ப: மழையும் காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் கழுவாமல் விட்டதன் மேல். இந்த உருவங்களை ரப்பர் அச்சில் சுழற்றி வார்க்கிறார்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வர டால்க் தூளோ பசைநீக்கியோ போடுவார்கள். அது உருவத்தின் மேல் மெல்லிய படலமாக நின்றுவிடும். அதன் மேல் நம் விரல் எண்ணெய் வேறு. அக்ரிலிக் பெயிண்ட் உலோகத்தைக் கவ்வாது. பிரைமர்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிரைமரே எண்ணெய்ப் படலத்தின் மேல் உட்கார்ந்தால், விரல் அதிகம் படும் முனைகளில் முதலில் விட்டுவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசி ஒரு இரவு காயவிடுங்கள். மேலங்கி மடிப்பிலும் அக்குளிலும் தேங்கிய நீர், மேற்பரப்பு காய்ந்த பிறகும் உள்ளே இருக்கும். காய்ந்த உருவத்தை ஒரு பாட்டில் மூடியில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டுங்கள். இனி தீட்டி முடியும் வரை மூடியைத்தான் பிடிக்க வேண்டும், உருவத்தை அல்ல.

ஸ்பிரே டப்பாவை முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். உருவத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஓட்டி, மறுபக்கம் வெளியே போய்த்தான் விட வேண்டும். ஒரு வீச்சு ஒரு விநாடிக்கு மேல் போகக் கூடாது. ஒரே பூச்சில் மூட நினைக்காதீர்கள். மூன்று மெல்லிய பூச்சு, இடையில் 15 நிமிடம். கிட்டே பிடித்தால் மூக்கும் விரலும் வழிந்து மூழ்கும். தள்ளிப் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி ஒட்டும், தடவினால் சொரசொரக்கும், அது கையோடு வந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமானாலும் படலம் மங்கிப் பிடிப்பு தளரும். கடற்கரை ஊரில் வெயில் ஏறிய பிறகு, பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் அடியுங்கள். டப்பாவையும் உருவத்தையும் அரை மணி முன்பே அதே இடத்தில் வைத்திருங்கள்.

தொடர் மழை என்றால் ஸ்பிரேயை விட்டுவிட்டு பிரஷ்ஷால் பூசும் பாலியூரித்தேன் அக்ரிலிக் பிரைமருக்கு மாறுங்கள். மெல்லியதாக இரண்டு பூச்சு. அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் 24 மணி நேரத்துக்குள் நகம் பட்டால் தோல் உரிவது போல் பாளமாக வரும். இரண்டு நாள் தொடாமல் விட்டால் நன்றாகவே இறுகிவிடும்.

உரிந்த இடத்தை இப்போது சரிசெய்ய, விளிம்பை 600 உப்புத்தாளால் சரிவாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, அந்த இடத்துக்கு மட்டும் பிரஷ் பிரைமர் வைத்துத் தீட்டுங்கள். வில் முனையிலும் கம்பு முனையிலும் கடைசியில் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் ஒரு கூடுதல் பூச்சு போட்டால் தாங்கும்.

கே: லிங்கன் பச்சைக்குச் சரியான பெயிண்ட் எது? என் ஆறு வில்லாளிகளும் பள்ளிச் சீருடை போட்ட மாதிரி நிற்கிறார்கள். (மதுரை வாசகர்)

ப: ஆறு பேருக்கும் ஒரே புட்டியைத் திறந்திருக்கிறீர்கள், அதுதான் விஷயம். லிங்கன் பச்சை என்பது ஒரு பெயிண்ட் நம்பர் இல்லை. இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து நெசவாளர்களின் கம்பளித் துணி. துணியை வோட் செடியின் நீலத்தில் முதலில் முக்கி, அதன் மேல் வெல்ட் செடியின் மஞ்சளை ஏற்றுவார்கள். வோட் தரும் நீலமும் நம் அவுரி தரும் நீலமும் ஒரே வேதிப்பொருள்தான். இரண்டு தொட்டிச் சாயம் என்பதால் ஒவ்வொரு முக்கலுக்கும் பச்சை மாறும். வெயிலில் மஞ்சள் முதலில் வெளுக்கும், நீலம் நிற்கும்; ஐரோப்பிய அரண்மனைகளில் உள்ள பழைய சித்திரத் திரைகளில் மரங்கள் நீலமாகத் தெரிவது இதனால்தான். காட்டில் கிடக்கிறவன் உடையில் தோள்பட்டையும் தலைமூடியின் உச்சியும் கொஞ்சம் நீலம் தட்டியிருப்பதுதான் பொருத்தம்.

புட்டிப் பச்சையை மூடிவிட்டு நீங்களே கலந்துகொள்ளுங்கள். மஞ்சள் ஓக்கர் 4 சொட்டு. அதில் பிரஷ்யன் நீலத்தை ஊசி முனையால் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். பிரஷ்யன் நீலம் பொல்லாதது, ஒரு முழுச் சொட்டு விழுந்தால் ஓக்கரை விழுங்கிவிடும். கிடைப்பது மந்தமான, துணிக்கே உரிய பச்சை. இதுதான் நடு நிறம். தண்ணீர் ஏறக்குறைய சம அளவு சேர்த்து இரண்டு மெல்லிய பூச்சு. மடிப்புக்குள் போகும் நிழலுக்கு நடு நிறம் 2, எரிந்த அம்பர் (burnt umber) என்ற கரும்பழுப்பு 1. இடுப்புப் பட்டைக்கு அடியிலும் அக்குளிலும் மட்டும் அதில் இன்னும் ஒரு தொடு நீலம். மேட்டுக்கு நடு நிறமும் ஓக்கரும் சரிபாதி. கடைசி விளிம்புக் கோட்டுக்கு அதில் ஒரு துளி தோல் நிறம். வெள்ளை சேர்க்காதீர்கள். பச்சையில் வெள்ளை விழுந்தால் புதினா மிட்டாய் நிறம் வரும், நீர்க்கக் கரைத்த பெயிண்ட்டால் எத்தனை வாஷ் ஓட்டினாலும் போகாது.

அடுத்த ஆளுக்கு அதே கலவையில் நீலத்தை ஏற்றுங்கள், அதற்கடுத்தவனுக்கு ஓக்கரை ஏற்றுங்கள். ஆறு பச்சையும் உறவாகவும் இருக்கும், ஒன்றாகவும் இருக்காது. அதைவிட முக்கியம், ஒரு ஆளுக்கு ஒரு பச்சைத் துணி போதும். சட்டை பச்சை என்றால் தலைமூடி சாயமேற்றாத கம்பளியின் அழுக்கு வெள்ளை, காலுறை மேடர் வேரின் செங்கல் சிவப்பு. மேடர் நம் மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவு. ஏழைக்கும் எட்டிய சிவப்பு அதுதான். சாம்பலும் தாராளமாக வரலாம். ராபின் ஹூட்டின் நீண்ட பழம்பாடலில் அரசனும் அவன் ஆட்களும் லிங்கன் பச்சையை உடுத்தியதும் முன்பு போட்டிருந்த சாம்பல் உடையைத் தூக்கி எறிகிறார்கள். பிந்திய பாடல் ஒன்றில் ஆட்களுக்குப் பச்சை, ராபினுக்கு மட்டும் சிவப்பு. மேசையில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல யோசனை கிடையாது, தலைவன் எங்கே என்று யாரும் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. பச்சை ஆள் பச்சைப் புல்லில் நின்றால் காணாமல் போவான். அடித்தளத்தை உதிர்ந்த இலையும் செம்மண்ணுமாகப் பழுப்பில் வையுங்கள். ஷெர்வுட் மணற்பாறை நிலம்தான், பழுப்பு அங்கே பொய்யும் இல்லை.

கே: ராபின் கூட்டத்துத் துறவி ஃபிரையர் டக்கின் அங்கிக்கு எந்தப் பழுப்பு? (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: பழுப்பே வேண்டாம், சாம்பல் தீட்டுங்கள். இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு இருந்தால் சிற்பி நினைத்தது பிரான்சிஸ்கன் துறவியை. இடைக்கால இங்கிலாந்தில் அவர்களுக்குச் 'சாம்பல் துறவிகள்' என்றே பெயர். டொமினிக்கன்கள் கறுப்பர்கள், கார்மல் சபையார் வெள்ளையர்கள். சாயமேற்றாத கறுப்பு ஆட்டு ரோமமும் வெள்ளை ரோமமும் கலந்த சாம்பல் அது. நடுச் சாம்பல் 3, பழுப்பு 1 என்று கலந்து, மேட்டுக்குத் தந்த நிறம் சேர்த்தால் கம்பளி உணர்வு வரும். சுத்தமான கறுப்பு–வெள்ளைச் சாம்பல் சிமெண்டுச் சிலையாக்கிவிடும். கயிறு அழுக்கு வெள்ளை. மழித்த உச்சந்தலைக்குத் தோல் நிறத்தின் மேல் நீலச் சாம்பலை ஒன்றுக்கு எட்டுத் தண்ணீரில் கரைத்து ஒரே ஓட்டு ஓட்டுங்கள்.

காலக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: டொமினிக்கன்கள் இங்கிலாந்து வந்தது 1221-இல், பிரான்சிஸ்கன்கள் 1224-இல். பிற்காலக் கதைகளில் ராபினின் அரசராக வரும் சிங்கநெஞ்சன் ரிச்சர்டு 1199-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இருவரையும் ஒரே காட்சியில் நிறுத்தினால் கதைக்குச் சரி, வரலாற்றுக்குச் சரியில்லை. சசெக்ஸில் லிண்ட்ஃபீல்டு ஊர்ப் பாதிரி ராபர்ட் ஸ்டாஃபோர்டு என்பவர் 1417 வாக்கில் 'ஃபிரையர் டக்' என்ற பெயரில் கொள்ளைக் கூட்டம் நடத்தியது அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. அவரைத் தீட்டுகிறேன் என்று சொல்லிவிட்டால் யாரும் கேட்க முடியாது.

கே: ராபினின் வில் ஒடிந்துவிட்டது. ஒட்டினால் மறுபடி ஒடிகிறது. நாண் போட என்ன பயன்படுத்துவது? (சிங்கப்பூர் வாசகர்)

ப: ஒடிந்த மெல்லிய உலோகத்தை முனையோடு முனை ஒட்டினால் நிற்காது, ஒட்டும் பரப்பு ஊசிமுனை அளவுதான். பழைய வில்லைக் கை வரை வெட்டி எறிந்துவிட்டு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்யுங்கள். அதுவும் ஒரு வகையில் நல்லதுக்கே, வார்ப்பில் வரும் வில் பெரும்பாலும் குட்டை. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த வில்கள் ஏறக்குறைய 1.9 முதல் 2.1 மீட்டர் வரை. 28 மி.மீ. உருவம் சுமார் 1:60 என்று கொண்டால் வில் 32 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அதாவது ஆளின் உயரத்தைவிடச் சற்றுக் கூட.

கம்பியின் இரு முனையையும் அரத்தால் கூராக்குங்கள். கைப்பிடி முஷ்டியில் 0.8 மி.மீ. துளை, கைத்துளைப்பானால். மென்உலோகம் துளைப்பூசியின் வரிகளில் அப்பிக்கொள்ளும், அப்படியே திருகினால் ஊசி உள்ளே ஒடியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் துடையுங்கள், முனையில் கொஞ்சம் மெழுகு தொட்டுக்கொள்ளுங்கள், பிறகு மெழுகைச் சோப்பால் கழுவிவிடுங்கள். கம்பியைச் செருகிய பின் ஜெல் வகை சூப்பர் குளூ போதும். எபாக்சி இன்னும் உறுதி, ஆனால் ஒரு நாள் அசையாமல் இருக்க வேண்டும்.

நாணுக்கு உண்மையான கணக்குப் போட்டால் 0.05 மி.மீ., தலைமுடி கனம். தலைமுடியையே போடுபவர்கள் உண்டு. ஆனால் முடி ஈரத்தில் நீளும். அந்தக் குணத்தை வைத்தே ஈரமானி செய்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் காற்றில் ஒரே வாரத்தில் நாண் தொய்ந்துவிடும். மாடல் கப்பலுக்கும் விமானத்துக்கும் போடும் எலாஸ்டிக் ரிக்கிங் நூல் நல்லது. விரல் பட்டாலும் மீண்டுவிடும். மின்வயரின் செம்பு இழை 0.2 மி.மீ. வரும், பார்க்கக் கயிறு மாதிரி இருக்கும், வேறு வழியில்லை என்றால் மட்டும்.

வர்ணத்தில் ஒரு விவரம். யூ மர வில்லின் முதுகு, அதாவது எதிரியைப் பார்க்கும் பக்கம், வெளிர் தந்த நிறம். வில்லாளியைப் பார்க்கும் பக்கம் ஆரஞ்சுப் பழுப்பு. ஒரே மரத்தின் வெளிக்கட்டையும் உள்ளே இருக்கும் வைரக்கட்டையும்தான். இரண்டையும் பிரித்துத் தீட்டினால் தெரிந்தவர்கள் கண் அங்கே ஒரு கணம் நிற்கும்.

கே: கண் தீட்டினால் எல்லோரும் பேயறைந்த மாதிரி முழிக்கிறார்கள். (சேலம் வாசகி)

ப: சுத்த வெள்ளையைத் தூக்கிப் போடுங்கள். குழியைக் கரும்பழுப்பால் நிரப்பி, நடுவில் தந்த நிறத்தில் ஒரு குறுக்குக் கோடு, அதன் மேல் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கரும்பழுப்புக் கோடு. வழிந்ததைத் தோல் நிறத்தால் மேலும் கீழும் வெட்டிவிடுங்கள். மேல் இமை பாப்பாவைத் தொட வேண்டும். சுற்றிலும் வெள்ளை தெரிந்தால்தான் முழி வருகிறது. நாண் இழுத்துக் குறி பார்க்கிறவனுக்குக் கண்ணே வேண்டாம், கரும்பழுப்பில் ஒரு கோடு போதும்.

கே: ஷெரிஃபும் அவன் வீரர்களும் தகட்டுக் கவசம் அணிந்திருக்கிறார்கள். தவறான உருவமா? (திருநெல்வேலி வாசகர்)

ப: 1190-களின் ரிச்சர்டு காலக் காட்சி என்றால் தவறு. அப்போது முழங்கால் வரை வளையக் கவசம், மேலே துணி அங்கி. முழுத் தகட்டுக் கவசம் வர இன்னும் இருநூறு ஆண்டு இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன நீண்ட பழம்பாடலில் வரும் அரசன் ரிச்சர்டு இல்லை, எட்வர்டு. ரிச்சர்டு காலத்தோடு ராபினை முடிச்சுப் போட்டவர் ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் மேயர், 1521-இல். எனவே காட்சியை 15-ஆம் நூற்றாண்டு என்று சொல்லிக்கொண்டால் தகடு நிற்கும். ஒரே மேசையில் இரண்டையும் மட்டும் கலக்காதீர்கள்.

வளையக் கவசத்துக்கு: கறுப்பு அடி, எஃகு நிறத்தில் டிரை பிரஷ், கரும்பழுப்பு வாஷ், காய்ந்த பின் தோளிலும் முழங்கையிலும் மட்டும் வெள்ளி. டிரை பிரஷ்ஷுக்குப் பழைய தட்டைப் பிரஷ் எடுங்கள். பெயிண்டைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து, கட்டைவிரல் ரேகை மேல் இழுத்தால் மேடு மட்டும் நிறமாக வேண்டும், அப்போதுதான் அது தயார். வாஷ் முழுதாகக் காயாமல் வெள்ளி போட்டால் சேறாகும்.

கே: பழைய பெயிண்ட்டை உரித்துவிட்டுப் புதிதாகத் தீட்ட வேண்டும். எதில் ஊறவைப்பது? (டொராண்டோ வாசகர்)

ப: உரிக்கும் முன் ஒரு கேள்வி: அது தொழிற்சாலையில் தீட்டி வந்த பழைய பொம்மையா? லண்டன் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் வார்த்த உள்ளீடற்ற உருவங்கள் போன்றவற்றில் மூல வர்ணம் தேய்ந்திருந்தாலும் அதுதான் மதிப்பு. உரித்தால் மீண்டும் வராது. அந்தக் காலப் பெயிண்ட்டிலும் காரீயம் இருக்கலாம்.

மற்றவற்றுக்கு நீர் கலக்காத டெட்டால். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் உருவம் மூழ்க ஊற்றி 24 மணி நேரம். கையுறை போட்டுப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் தோலாக வரும். இந்தக் கட்டத்தில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்: உடனே குழாயடியில் காட்டினால் டெட்டாலும் பெயிண்ட்டும் சேர்ந்து பிசினாகி ஒவ்வொரு மடிப்பிலும் அப்பிக்கொள்ளும். முதலில் புது டெட்டாலில் ஒருமுறை அலசி, பிறகு பாத்திரத் திரவத்தைத் தண்ணீரில்லாமல் தேய்த்து, அதன் பின்தான் தண்ணீர். அசிட்டோன் நிமிடங்களில் வேலையை முடிக்கும், ஆனால் எளிதில் தீப்பற்றும், பிளாஸ்டிக் அடித்தளத்தைக் கரைக்கும், சூப்பர் குளூ ஒட்டையும் விடுவிக்கும். ஜன்னல் திறந்து, அடுப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். எதில் உரித்தாலும் அந்தக் கழிவைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கே: பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்ததும் உருவம் முழுவதும் வெள்ளைப் பனி படர்ந்துவிட்டது. எல்லாம் போச்சா? (சென்னை வாசகி)

ப: போகவில்லை. ஈரக் காற்றில் அடித்ததாலோ டப்பாவைப் போதுமான அளவு குலுக்காததாலோ வருவது. மேட் தரும் நுண்தூள் கட்டிபட்டு நிற்கிறது, அல்லது கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் விட்டு, வறண்ட பகலில் கிளாஸ் வார்னிஷைப் பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுங்கள். பெரும்பாலும் வெள்ளை மறைந்து நிறம் திரும்பும். அது காய்ந்ததும் பிரஷ்ஷில் பூசும் மேட் வார்னிஷ் மெல்லியதாக ஒன்று. சென்னையில் மேட் ஸ்பிரேயை ஐப்பசி கார்த்திகையில் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கே: கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த காரீய உருவங்களின் காலடியில் வெள்ளைத் தூள். பூச்சிக்காக அந்துருண்டை போட்டிருந்தேன். (கும்பகோணம் வாசகர்)

ப: விபூதி தூவிய மாதிரி தூள், அடியில் சிறு சிறு குழிகள், இப்படி இருந்தால் அது காரீயம் அரிபடும் நோய். தூள் காரீய கார்பனேட், நஞ்சு. அசிட்டிக் அமில ஆவி தூண்டிவிட, காற்றின் கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து அதைத் தொடர்கின்றன. வினிகர் வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஆவி வருவது மரத்திலிருந்து: ஓக் மரம் மிக மோசம்; பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளும் அமில ஆவி விடும். வினிகர் வாடை அடிக்கும் வகை சிலிக்கான் சீலன்ட் புதிதாகப் பூசியிருந்தாலும் அதே கதைதான். அடைத்த அலமாரியில் ஆவி வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

முதலில் பாதித்தவற்றைத் தனியே எடுங்கள். முகமூடி, கையுறை அணிந்து, ஈரப் பிரஷ்ஷால் தூளைத் தேய்த்தெடுத்து, கழுவி, நன்றாக உலர்த்தி, வெளுத்த இடத்தில் பிரைமரும் வார்னிஷும் மூடுங்கள். அடிப்பாகத்தையும் விடாதீர்கள், பலர் தீட்டாமல் விடுவது அதைத்தான், நோய் தொடங்குவதும் அங்கேதான். இனி கண்ணாடியும் இரும்பும் உள்ள அலமாரி, மேலும் கீழும் காற்றுத் துளை, தட்டுக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று தெரியும். வெள்ளீய உருவங்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். உலோகத்தை அது காப்பாற்றாது; அதன் ஆவி வார்னிஷையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும், மூடிய இடத்தில் படிகமாகத் திரும்பப் படியவும் செய்யும். பூச்சி வருவது உலோகத்துக்காக இல்லை, அடித்தளத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் காய்ந்த இலைக்காக.

கே: அந்த உதிர்ந்த இலைக்கு எதைப் போடலாம்? வெளிநாட்டில் பர்ச் மர விதை போடுகிறார்களாம். (ஈரோடு வாசகர்)

ப: டீ வடிகட்டிய தூள் போதும். பாலில்லாத டீயாக இருக்க வேண்டும், பால் பட்டது பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, பெரிய துண்டுகளை மட்டும் சலித்தெடுத்து, மேட் வார்னிஷில் பிசைந்து, இடுக்கியால் திட்டுத்திட்டாக வையுங்கள். வேர் மூட்டிலும் கல் ஓரத்திலும் குவிய வேண்டும், நடுவில் வெறுமண் தெரிய வேண்டும். காய்ந்ததும் ஓக்கரில் லேசாக ஒரு டிரை பிரஷ், மேலே இன்னொரு பூச்சு வார்னிஷ். காரீய உருவமாக இருந்தால் இலையை ஒட்ட ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை வேண்டாம், அதிலும் கொஞ்சம் அசிட்டிக் ஆவி உண்டு, வார்னிஷே ஒட்டிக்கொள்ளும்.